கைக்குட்டையில் மடித்தது

மார்ச் 29, ஞாயிறு

லேப் மூடி இன்றோடு ஆறு நாள். இருபத்திரண்டு வருடமாகப் பல்செட் செய்கிறேன். சேர்ந்தாற்போல ஆறு நாள் பல் செய்யாமல் இருந்ததே இல்லை. கல்யாணத்தின்போதுகூட ஐந்தாம் நாளே முதலாளி கூப்பிட்டுவிட்டார்.

இந்த டைரி என் மனைவி வேலை பார்க்கும் சூப்பர் மார்க்கெட்டில் விற்காமல் கிடந்தது. "சும்மா உக்காந்து என் உயிரை எடுக்காம எதையாவது எழுதுங்க" என்று கொண்டுவந்து கொடுத்தாள். ஊரே வீட்டில் அடைந்து கிடக்கிறது, இவள் மட்டும் தினமும் கடைக்குப் போய் பில் போட்டுவிட்டு வருகிறாள். அரிசியும் சோப்பும் இல்லாமல் எந்த நோயையும் விரட்ட முடியாதாம். அவள் முதலாளி சொன்னது.

வீட்டில் மூன்று பேர். நான், இவள், இவளுடைய அம்மா. அத்தை கண் பரிசோதனைக்காகப் பத்து நாளுக்கு வேண்டிய துணியோடு வந்தார். கண் டாக்டரைப் பார்த்தாயிற்று, புதுக் கண்ணாடியும் வந்தாயிற்று, பஸ்தான் நின்றுவிட்டது.

எனக்கும் அத்தைக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டை வருமளவுக்குப் பேசியதும் கிடையாது. கல்யாணப் பேச்சு நடந்தபோது, "கண்டவங்க வாயில கையை விடறவனுக்கா என் பொண்ணு?" என்று கேட்டவர். உண்மையில் நான் யார் வாயிலும் கையை விடுவதில்லை. அது டாக்டரின் வேலை. அவர் அச்சு எடுத்து அனுப்புவார், நான் மேஜையில் உட்கார்ந்து பல் செய்வேன். இதை அப்போதே விளக்கியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், டைரிதானே. அத்தையின் பல் அத்தனையும் செட்டு. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் வாசலில் நின்று சிரித்தார், அந்த நொடியே தெரிந்துவிட்டது. எல்லாப் பல்லும் ஒரே உயரம், ஒரே வெள்ளை, அணிவகுப்பு மாதிரி. உண்மைப் பல் அவ்வளவு ஒழுங்காக இருக்காது. ஏதோ அவசர லேப்பின் வேலை. மருமகன் இந்தத் தொழிலில் இருக்கும்போது, அவனுக்குத் தெரியக்கூடாது என்று வேறு எங்கோ போய்ச் செய்துகொண்டிருக்கிறார். சுருக்கென்றுதான் இருந்தது. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. நானும் காட்டிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 1, புதன்

மேலதிகாரி (இவளைத்தான் சொல்கிறேன்) புதுச் சட்டம் போட்டிருக்கிறாள். தினமும் நூறு பேருக்கு பில் போட்டுவிட்டு வருகிறவள் என்பதால் வீட்டுக்குள்ளும் மூவரும் முகக்கவசம் போட வேண்டும். சாப்பாடு தனித்தனி நேரம். அத்தை அறைக்குள், நான் சமையலறையில், இவள் பால்கனியில். ஞாயிறுதோறும் முகக்கவசம், கைக்குட்டை, கைத்துண்டு எல்லாவற்றையும் வேகவைப்பது என் பொறுப்பு. "பல் லேப்ல தினமும் எதையாவது வேகவெக்கிறீங்க இல்ல? இதையும் செய்யுங்க."

சரி அம்மணி.

ஏப்ரல் 5, ஞாயிறு

முதல் வேகவைப்பு வெற்றி. கூடையைக் கவிழ்த்து, குளியலறை வாசல் அலமாரியில் தனியாகக் கிடந்த ஒரு கைக்குட்டைச் சுருட்டலையும் சேர்த்து வாரிக்கொண்டேன். பெரிய அலுமினியப் பாத்திரத்தில் இருபது நிமிடம். கொதிக்கும்போது அடியில் ஏதோ லொடலொடவென்று ஆடியது. சட்டைப் பொத்தானாக இருக்கும்.

அடுப்பை அணைக்கும் நேரம் அத்தை குளித்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். முகக்கவசம் இல்லை, புறங்கையால் வாயைப் பொத்தியிருந்தார். "நான் பிழிஞ்சு காயப்போடறேன், நீங்க போங்க மாப்பிள்ளை." வேண்டாம் அத்தை, சூடு என்றேன். "போங்கன்னு சொல்றேன்ல" என்று இடுக்கியைப் பிடுங்கிக்கொண்டார். பதினாறு வருடத்தில் என் வேலையை அவராக வாங்கிச் செய்வது இதுதான் முதல் தடவை. உறவில் முன்னேற்றம்.

ஏப்ரல் 7, செவ்வாய்

அத்தை பேச்சைக் குறைத்துவிட்டார். வீடு அமைதியாக இருக்கிறது. குறை சொல்வதற்கில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

ஜன்னலருகில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது என் புது உத்தியோகம். மருந்துக் கடை வாசலில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், வட்டத்துக்கு ஒருவர். யாருக்கும் வாய் இல்லை. மனிதர்களை நான் வாயை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தேன் என்பது இப்போதுதான் புரிகிறது. தபால்காரர் என்றால் முன்பல் இடைவெளி. கீழ்வீட்டு டிரைவர் என்றால் புகையிலைக் கறை. கண்ணை மட்டும் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க எனக்கு வரவில்லை. நேற்று கீழ்வீட்டு டிரைவர் என்று நினைத்து யாருக்கோ கை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். இப்போது ஒருவரையொருவர் தெரியாமலேயே தினமும் ஆட்டிக்கொள்கிறோம்.

கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. குளியல் சோப்பில் ஒரு கடைவாய்ப்பல் செதுக்கினேன். பயிற்சிக் காலத்தில் சோப்பில்தான் தொடங்குவோம். நான்கு மேடு, நடுவில் குழி, வேர் மூன்று. பிரமாதமாக வந்தது. சோப்புப் பெட்டியில் வைத்தேன்.

இவள் குளிக்கப் போய் அலறினாள்.

ஆனால் தூக்கிப் போடவில்லை. இப்போது அது தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், இந்த நாட்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன. வெளியே இவ்வளவு துன்பம் நடக்கும்போது இப்படி எழுதலாமா? எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 13, திங்கள்

அத்தையின் தட்டு நான்காவது நாளாகப் பாதிக்குமேல் திரும்பி வந்தது. ரொட்டியைத் தொடவே இல்லை. கஞ்சி மட்டும் காலி. இவள் கதவருகில் நின்று கேட்டாள்.

"ஏம்மா சாப்பிடல?"

"ருசியே தெரியல."

இவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் இவள் முகத்தைப் பார்த்தேன். ருசி தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று இன்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். செய்தியில் மணிக்கொரு தரம் சொல்கிறார்கள்.

"எத்தனை நாளா?"

"அட, வயசானா அப்படித்தான். போ."

வயதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை, அறுபத்தாறுதான். இவள் சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். "நான்தாங்க கொண்டுவந்து குடுத்துட்டேன். கடையிலேர்ந்து நான்தான்."

அத்தையின் கதவைச் சாத்தினோம். தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு விலக வேண்டும். இவள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் 16, வியாழன்

பரிசோதனைக்கு ஆள் வந்தார். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உறை, உள்ளே ஒரு இளம்பெண்ணின் குரல். அத்தை ஒரு நிபந்தனை போட்டார்: மூக்கில் மட்டும்தான் எடுக்க வேண்டும், வாயைத் திறக்க மாட்டார், நாங்கள் இருவரும் வாசலுக்குப் போய்விட வேண்டும். பயம் என்றுதான் நினைத்தோம். "பாட்டிம்மா ரொம்பப் பிடிவாதம்" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் இறங்கிப் போனாள். அதைக் கேட்டு அத்தை உள்ளிருந்து, "யாரு பாட்டி?" என்றார். உடம்பில் தெம்பு இருக்கிறது, நல்லதுதான்.

ஏப்ரல் 18, சனி

தொற்று இல்லை!

இவள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பிறகு ஞாபகம் வந்து விலகிப் போய்க் கை கழுவினாள்.

ஏப்ரல் 20, திங்கள்

தொற்று இல்லை. சரி. அப்படியென்றால் ஏன் சாப்பிடவில்லை?

ரவிக்கை தோளில் தொங்குகிறது. புதுக் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்குகிறது. பழம் நறுக்கிக் கொடுத்தால் சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டுச் சக்கையைக் காகிதத்தில் மடித்துப் போட்டிருக்கிறார். "வேற ஏதாவது பெரிய வியாதியா இருக்குமோங்க?" என்று இவள் கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக நல்ல நேரமா இது? எனக்கும் பயமாக இருக்கிறது. அத்தையிடம் எனக்குப் பாசம் என்று ஒன்று இருக்கிறதா என்று பதினாறு வருடமாகத் தெரியவில்லை. இருக்கிறது போலிருக்கிறது.

ஏப்ரல் 21, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானம் தண்ணீர் வைக்கப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி, தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். முகக்கவசம் கழுத்தில். தங்கை ஏதோ சொல்ல, சிரித்தார். பக்கவாட்டில் பார்த்தேன். ஒரு கணம்தான். மூக்குக்கும் தாடைக்கும் நடுவே இருக்க வேண்டிய உயரத்தில் ஒரு விரல் அளவு இல்லை. மேலுதடு உள்ளே போயிருந்தது.

வாயில் பல் இல்லை. ஒன்றுகூட இல்லை.

தண்ணீரைக்கூட வைக்காமல் திரும்பி வந்துவிட்டேன். செட்டு எங்கே போயிற்று? எத்தனை நாளாக? பேச்சு குறைந்தது எப்போது? இந்த டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஏழாம் தேதி: "அத்தை பேச்சைக் குறைத்துவிட்டார். குறை சொல்வதற்கில்லை." அதற்கு முந்தின பதிவு ஐந்தாம் தேதி.

கைக்குட்டைச் சுருட்டல். லொடலொட. சட்டைப் பொத்தான்.

அடப்பாவி! குளிக்கப் போகும்போது கழற்றிக் கைக்குட்டையில் மடித்து வெச்சிருக்காங்க. அதைப் போய் வாரிக்கிட்டு வந்து இருபது நிமிஷம் வேகவெச்சிருக்கேடா நீ! செட்டு வாங்குகிற ஒவ்வொருத்தரிடமும் கொடுக்கச் சொல்லி நானே கைப்பட எழுதி அச்சடித்த சீட்டில் முதல் வரி என்ன? 'வெந்நீரில் போடாதீர்கள், வளைந்துவிடும்.' வெந்நீருக்கே வளையும். கொதிநீருக்கு?

பதினாறு நாளா அந்த மனுஷி கஞ்சி குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லல. ஏன் சொல்லல?

ஏன் என்பது எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 22, புதன்

காலையில் இவளிடம் சொன்னேன். முதலில், "அம்மாவுக்குச் செட்டுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"முதல் நாளே தெரியும்."

"ஏழு வருஷமா மூச்சு விடலையே! உங்ககிட்ட சொன்னா செத்துப்போயிடுவேன்னு அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க."

இருவரும் சிரித்தோம். பிறகு நிறுத்திக்கொண்டோம், பக்கத்து அறையில் ஒருவர் பட்டினி கிடக்கிறார்.

இவள்தான் போய்ப் பேசுவதாகச் சொன்னாள். வேண்டாம், வேகவைத்தது நான் என்றேன். அத்தையின் கதவுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஆறு விதமாக யோசித்து வைத்திருந்தேன், கடைசியில் வந்தது ஏழாவது.

"அத்தை, அன்னிக்கு உங்க செட்டை நான்தான் வேகவெச்சுட்டேன். தெரியாம நடந்துபோச்சு. மன்னிச்சிடுங்க."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பது தெரிந்தது.

"வெளிய அலமாரியில வெச்சது என் தப்பு" என்றார். சொற்களெல்லாம் காற்றாக வந்தன. "எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"வேகவெச்சதா? நேத்துதான்."

"செட்டுன்னு."

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். "ஏழு வருஷமா அத்தை."

கதவு ஒரு சாண் திறந்தது. முகம் தெரியவில்லை, கை மட்டும் நீண்டது. அதில் அந்தக் கைக்குட்டை. நீலக்கரை போட்டது. உள்ளே மேல் செட்டு நெளிந்து, கீழ் செட்டு முறுக்கிக்கொண்டு.

"சரி பண்ண முடியுமா?"

"முடியாது அத்தை. புதுசா செஞ்சிடலாம்."

"யாரு?"

"நான்."

கதவு மூடிக்கொண்டது. சம்மதமா இல்லையா என்று தெரியவில்லை. கைக்குட்டை என்னிடம்தான் இருக்கிறது.

ஏப்ரல் 23, வியாழன்

சம்மதம். இவள் வழியாகச் செய்தி வந்தது. கூடவே ஒரு கேள்வி: கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியுமா?

ஏப்ரல் 25, சனி

எங்கள் லேப்புக்கு வேலை அனுப்பும் டாக்டரம்மாவிடம் பேசினேன். நடந்ததைச் சொன்னதும் போனுக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்து அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. "நீங்களா? வேகவெச்சீங்களா? நீங்களா?" என்று மூன்று தடவை. பிறகு தொழிலுக்கு வந்தார். "அச்சு எடுக்கிறது என் வேலை. ஆனா கிளினிக் திறக்க விடலை, அவங்களையும் வெளிய கூட்டிக்கிட்டு வரவேண்டாம். வீடியோல நான் பாக்கிறேன். நீங்க என் கையா இருங்க."

முதலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு லேப்புக்கு நடந்தேன். ஒரு மாதத்தில் மேஜைமேல் மெல்லிய தூசு. மெழுகும் ஜிப்சமும் கலந்த அந்த வாசனை. யாருமில்லாத லேப்பில் என் நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்பினேன். இரண்டு பை நிறைய: அச்சுப் பவுடர், தட்டு, மெழுகு, பல் வரிசைகள், சின்ன மோட்டார்.

ஏப்ரல் 28, செவ்வாய்

அச்சு எடுத்தாயிற்று.

எனக்கு முகமூடி, அதற்குமேல் கண்ணாடித் தகடு, கையுறை. சமையலறை நாற்காலியில் அத்தை. போனைப் பிடித்துக்கொண்டு இவள். போனுக்குள் டாக்டரம்மா. அத்தை கண்களை இறுக்க மூடிக்கொண்டார். "நீங்க பாக்காதீங்க மாப்பிள்ளை."

"நான் என் கையைத்தான் பாக்கிறேன் அத்தை."

பொய். ஆனால் பார்க்கத் தொடங்கியதும் அது அத்தையாக இல்லை. ஈறு, மேடு, பள்ளம், எங்கே அழுத்தம் தாங்கும், எங்கே தாங்காது. "இன்னும் பின்னாடி தள்ளுங்க… அழுத்தாதீங்க… அப்படியே" என்று டாக்டரம்மா சொல்லச் சொல்லச் செய்தேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் வாயில் கையை விட்டிருக்கிறேன். அதுவும் யார் வாயில்!

தட்டை எடுத்ததும் அத்தை சட்டென்று முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டார். அதற்குமேல் தெரிந்த கண்களில் ஈரம். இருமலால் என்றார். சரி, இருமலால்.

மே 2, சனி

அத்தையின் வாய் இப்போது ஜிப்சத்தில் என் மேஜைமேல் இருக்கிறது. மெழுகில் பல் அடுக்குகிறேன். கை பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. மனசும்.

பழைய போட்டோ வேண்டும், உங்கள் சொந்தப் பல் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும் என்றேன். தங்கையிடம் கேட்டு வரவழைத்தார்கள். நாற்பது வருடத்துப் படங்கள் பதினொன்று. ஒன்றிலும் வாய் திறக்கவில்லை. எல்லாவற்றிலும் உதட்டைப் பூட்டிக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனில் எடுத்த மாதிரி.

"ஏன் அத்தை, ஒண்ணுலயாவது சிரிச்சிருக்கலாம்ல?"

கொஞ்சம் தயங்கி, தன் மேலுதட்டின் இடதுபக்கத்தை விரலால் தொட்டார். "இங்க ஒரு பல்லு அடுத்த பல்லு மேல ஏறி நிக்கும். அசிங்கமா இருக்கும்."

"அதனாலதான் செட்டு அவ்வளவு நேரா?"

"ஒரு கோணலும் இருக்கக்கூடாதுன்னு சொல்லிச் செஞ்சேன்." பிறகு மெதுவாக, "உங்க மாமாவுக்கு அந்தக் கோணல் பல்லுதான் பிடிக்கும். செட்டைப் பாக்க அவர் இல்ல. பாத்திருந்தா திட்டியிருப்பார்."

அவ்வளவு நீளமாக அத்தை என்னிடம் பேசியதே இல்லை. அவசர லேப் என்று ஏழு வருடமாக யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், சொன்னதைச் செய்திருக்கிறான்.

மே 4, திங்கள்

மெழுகுச் செட்டைப் போட்டுப் பார்க்கக் கொடுத்தேன். சொல்லாமல் ஒரு வேலை செய்திருந்தேன். மேல் வரிசையில், இடதுபக்கம், இரண்டாவது பல்லை அடுத்ததன்மேல் அரிசி அளவு ஏற்றி வைத்திருந்தேன். பிடிக்கவில்லை என்றால் மெழுகுதானே, ஒரு நிமிடத்தில் நேராக்கிவிடலாம்.

அத்தை முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கால் மணி நேரம். நான் சமையலறையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். திட்டு வரும் என்றே நினைத்தேன்.

வெளியே வந்து மெழுகை என் கையில் வைத்தார்.

"இருக்கட்டும்" என்றார்.

மே 6, புதன்

வேகவைப்பு. பிளாஸ்டர் அச்சில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் இளஞ்சிவப்பு மாவைத் திணித்து, இரும்புப் பெட்டியை இறுக்கித் தண்ணீரில் வைத்துச் சூடேற்ற வேண்டும். பாத்திரம்? வேறு ஏது, அந்த அலுமினியப் பாத்திரம்தான். "அடுத்த ஞாயிறு என் முகக்கவசமெல்லாம் எதுல வேகும்?" என்று மேலதிகாரி முறைத்தாள்.

அத்தை சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இதையும் வேகத்தான் வெக்கிறீங்களா?"

"ஆமா அத்தை. இந்தத் தடவை கணக்கா."

"எத்தனை நிமிஷம்?"

"ஒன்றரை மணி நேரம்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை மணி நேரமும் அடுப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

மே 8, வெள்ளி

புதுச் செட்டு வாயில் ஏறியது. டாக்டரம்மா வீடியோவில் கடிக்கச் சொல்லி, பேசச் சொல்லி, எண்ணச் சொல்லி, "நல்லா வந்திருக்கு" என்றார். அவர் சுலபத்தில் சொல்கிறவரல்ல.

அத்தை ஒரு பிஸ்கட் எடுத்தார். போனுக்குள் இருந்த டாக்டரம்மாவோடு சேர்த்து மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். மொறுக்கென்று சத்தம் கேட்டது. ஒரு பாதி. அப்புறம் இன்னொரு பாதி.

"ருசி தெரியுதாம்மா?" என்று இவள் கேட்டாள்.

"பழைய பிஸ்கட்டு. நமத்துப்போச்சு. உங்க கடையிலதானே வாங்கினே?"

அம்மா திரும்ப வந்துவிட்டாள் என்று இவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மே 12, செவ்வாய்

புதுச் செட்டு என்றால் அங்கங்கே உறுத்தும். உறுத்தும் இடத்தைக் கண்டுபிடித்து மோட்டாரால் கொஞ்சம் கொஞ்சமாக ராவ வேண்டும். தினமும் காலை பத்து மணிக்கு அத்தை நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். நான் ராவும் நேரத்தில் ஏதாவது பேசுகிறார், வாயை முகக்கவசத்தால் மூடிக்கொண்டு. மாமாவின் சைக்கிள். இவள் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வாத்தியாரைக் கடித்தது. (இது எனக்குப் புதுத் தகவல். சேமித்து வைத்திருக்கிறேன்.)

மே 19, செவ்வாய்

இன்று ராவிக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னார்.

"உங்க கல்யாணத்தப்ப நான் ஒண்ணு சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

மோட்டாரை நிறுத்தவில்லை. "இல்லையே அத்தை."

"இருக்கும். வாயில கையை விடறவன்னு." முகக்கவசத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "அப்ப எனக்கு எல்லாப் பல்லும் இருந்துச்சு மாப்பிள்ளை. அந்தத் திமிரு."

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். முகக்கவசத்துக்குள்தான், ஆனால் சத்தமாக.

ஜூன் 3, புதன்

லேப் பாதி நாள் திறந்துவிட்டது. காலை பத்து மணி வேலையை எட்டு மணிக்கு மாற்றினோம்.

இன்று, "இங்க உறுத்துது" என்று இடதுபக்கத்தைக் காட்டினார். அழுத்தம் காட்டும் பசையைத் தடவிப் போட்டு எடுத்துப் பார்த்தேன். எங்கும் அழுத்தம் இல்லை. விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். விரலால் தடவினேன். ஒன்றுமே இல்லை. நேற்றும் இல்லை. யோசித்தால் ஒரு வாரமாகவே இல்லை.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, மாமா ஒரு தடவை பஸ்ஸில் மாறி ஏறி வேறு ஊருக்குப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் அவர் இறங்கவில்லை.

மோட்டாரைப் போட்டேன். செட்டிலிருந்து அரை விரல் தள்ளிப் பிடித்துக் காற்றில் ஓட்டினேன். கதை முடியும்வரை. பிறகு துடைத்துக் கொடுத்தேன்.

மாட்டிக்கொண்டு கடித்துப் பார்த்தார். "இப்ப சரியா இருக்கு" என்றார்.

ஜூன் 21, ஞாயிறு

வீட்டுக்குள் முகக்கவசச் சட்டத்தை மேலதிகாரி கொஞ்சம் தளர்த்தியிருக்கிறாள். ஜன்னல் திறந்திருந்தால் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாமாம். மூவரும் ஒரே மேஜையில். அத்தை வறுத்த வேர்க்கடலையைக் கடித்துக்கொண்டு இவளைக் குறை சொன்னார். அந்தக் கோணல் பல் வெளிச்சத்தில் தெரிந்தது. நன்றாகச் செய்திருக்கிறேன். யாராவது சொல்ல வேண்டுமல்லவா.

ஜூலை 12, ஞாயிறு

பஸ் விட்டுவிட்டார்கள். பாதி இருக்கைதான், ஆனாலும் பஸ். அத்தை கிளம்பிப் போனார். பத்து நாள் துணியோடு வந்தவர், மூன்று பைகளோடு போனார். பஸ் ஜன்னலிலிருந்து போட்டோ எடுக்கச் சொன்னார். முகக்கவசத்தைக் கீழே இறக்கினார், இவள் "அம்மா!" என்று கத்துவதற்குள் வாயைத் திறந்து சிரித்தார். ஒரே ஒரு படம்தான் எடுக்க முடிந்தது. லேசாக ஆடியிருக்கிறது. பல் தெளிவாக இருக்கிறது.

ஜூலை 13, திங்கள்

காலை எட்டு மணிக்கு மோட்டாரை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

இன்று வேகவைக்கும் நாள். இப்போதெல்லாம் ஒவ்வொரு கைக்குட்டையையும் உதறிவிட்டுத்தான் போடுகிறேன்.

பாத்திரத்தை அடுப்பில் ஏற்றும்போது போன். அத்தை.

"மாப்பிள்ளை, இடதுபக்கம் லேசா உறுத்துது."

"அப்படியா? உங்க ஊர்லயே டாக்டருங்க கிளினிக் திறந்துட்டாங்களே அத்தை. அஞ்சு நிமிஷ வேலை, பஸ்ல அவ்வளவு தூரம் அலையாம…"

"அவங்களுக்கெல்லாம் அது சரிப்படாது" என்றார். "பெரிய வேலை ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. அப்பப் பண்ண மாதிரி மோட்டாரைக் காத்துல ஓட்டினாலே போதும்."

ஏற்றிய பாத்திரத்தைக் கீழே இறக்கி வைத்தேன். அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது.

"வாங்க அத்தை" என்றேன்.

இவள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அம்மாவா? என்னவாம்?"

"உறுத்துதாம். வியாழக்கிழமை வராங்க."

"எத்தனை நாளைக்கு?"

"பத்து நாளாம்" என்றேன்.